ஹால்டர்ன் சாலையோரத்தில் ஏழு பெயர்கள்

ஜெர்மனியின் மேற்கு எல்லையில், ரைன் ஆறு நெதர்லாந்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்பாக, ரேஸ் என்னும் சிறு நகரம் அமைந்துள்ளது. அதன் ஒரு பகுதியான ஹால்டர்ன், ஆண்டுதோறும் நடைபெறும் இசை விழாவுக்காக இன்று ஐரோப்பிய இளைஞர்களிடையே அறியப்பட்ட ஊர். ஊரை அடுத்த வயல்வெளியில், சாலையோரத்தில், ஏழு மனிதர்களின் பெயர்களைத் தாங்கிய எளிய நினைவுச்சின்னம் ஒன்று உள்ளது. அந்த எழுவரில் ஒருவர்கூட ஜெர்மானியர் அல்லர். இருவர் ஆஸ்திரேலியர், ஒருவர் கனடியர், நால்வர் பிரிட்டானியர். 1943ஆம் ஆண்டு மே 16ஆம் தேதி இரவு, ஜெர்மனியின் அணை ஒன்றைத் தகர்க்கும் பொருட்டு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் வந்தவர்கள் அவர்கள். அவ்வூர் வரலாற்றில் ஈடுபாடு கொண்ட உள்ளூர் மக்களின் முயற்சியால், தாக்குதலை நேரில் கண்ட தலைமுறை மறைந்துகொண்டிருந்த காலத்தில், இந்நினைவுச்சின்னம் அங்கு வந்தது.

தம் நாட்டின்மீது குண்டு வீச வந்தவர்களுக்கு ஒரு சமூகம் நினைவுச்சின்னம் எழுப்புவது எளிதில் நடப்பதன்று. அது எவ்வாறு இயலக்கூடியதாயிற்று என்பதும், அதன் மௌனத்தில் யாருடைய பெயர்கள் விடுபட்டுள்ளன என்பதும் சேர்த்துக் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

*

அன்றிரவு நடந்த தாக்குதலுக்கு 'ஆபரேஷன் சாஸ்டைஸ்' என்று பெயர். ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிக்கு நீரும் மின்சாரமும் அளித்துவந்த அணைகளை உடைத்தால் ஆயுத உற்பத்தி நிலைகுலையும் என்பது பிரிட்டன் போட்ட கணக்கு. அணைக்கு முன்னால் நீரில் டார்பிடோ தடுப்பு வலைகள் தொங்கின. உயரத்திலிருந்து வீசும் குண்டு துல்லியமாக விழாது. இதற்கு வழி கண்டவர் பார்ன்ஸ் வாலிஸ் என்னும் பொறியாளர். தட்டையான கல்லை நீர்ப்பரப்பில் வீசினால் அது தத்தித் தத்திச் செல்வதைப் போல, உருளை வடிவக் குண்டு ஒன்று நீரின்மேல் தாவிச் சென்று, வலைகளைக் கடந்து, அணைச்சுவரில் மோதி, அதன் அடியில் மூழ்கி வெடிக்க வேண்டும். 'அப்கீப்' எனப் பெயரிடப்பட்ட அக்குண்டின் எடை சுமார் 4,200 கிலோ. வீசப்படுவதற்கு முன் அது விமானத்தின் அடியிலேயே நிமிடத்துக்கு 500 சுற்றுகள் என்ற வேகத்தில் பின்னோக்கிச் சுழற்றப்பட வேண்டும். விமானம் நீர்மட்டத்திலிருந்து வெறும் 18 மீட்டர் உயரத்தில், இரவில், பறந்தாக வேண்டும்.

இப்பணிக்கென்றே 617ஆம் படையணி உருவாக்கப்பட்டது. அதன் தளபதி கை கிப்சனுக்கு அப்போது வயது 24. இந்திய வாசகர் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு: கிப்சன் பிறந்தது சிம்லாவில். அவருடைய தந்தை பிரிட்டிஷ் இந்திய வனத்துறையில் அதிகாரியாக இருந்தவர்.

19 லங்காஸ்டர்களும் 133 பேரும் இங்கிலாந்தின் ஸ்காம்ப்டன் விமானத்தளத்திலிருந்து அன்றிரவு புறப்பட்டனர். எட்டு விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தனர், மூவர் சிறைப்பட்டனர். மோனே, ஏடர் ஆகிய இரு அணைகள் உடைந்தன. மண்ணால் கட்டப்பட்ட சோர்பே அணை சேதமுற்றாலும் உடையவில்லை.

ஹால்டர்னில் வீழ்ந்த விமானம் அந்தச் சோர்பே அணைக்கு அனுப்பப்பட்ட ஒன்று. அதன் குறியீடு ஏஜே-ஈ. இரவு 9.28 மணிக்கு, அனைத்து விமானங்களுக்கும் முதலாவதாக அது தரையிலிருந்து எழுந்தது. ராடாருக்குத் தப்ப மரங்களின் உயரத்தை ஒட்டியே பறக்க வேண்டும் என்பது கட்டளை. நிலவொளி இருந்தது. எனினும் நிலவொளியில் ஆறும் ஏரியும் தெரிவதைப்போல மின்கம்பிகள் தெரிவதில்லை. நள்ளிரவுக்குச் சுமார் பத்து நிமிடங்கள் முன்னதாக, ஹால்டர்ன் அருகே உயரழுத்த மின்கம்பியில் விமானம் மோதித் தீப்பற்றி வயலில் விழுந்தது. எழுவரும் அங்கேயே இறந்தனர். பகைவரின் பீரங்கி அவர்களை வீழ்த்தவில்லை. ஊர்களுக்கு விளக்கெரிய மின்சாரம் கொண்டுசென்ற கம்பி வீழ்த்தியது.

சிறிது நேரத்தில், கிழக்கே மார்பெக் என்னும் சிற்றூரில் மற்றொரு லங்காஸ்டரும் இதேபோல் மின்கம்பியில் மோதி வீழ்ந்தது. அங்கும் எழுவரும் இறந்தனர். அங்கே குண்டு வெடித்து வயலில் பெரும் பள்ளம் உண்டாயிற்று. சுற்றிலும் வீட்டுச் சன்னல்கள் நொறுங்கியபோதும், அருகில் சாலையோரத்தில் நின்ற புனித சூசையப்பர் சிலை சிதையாமல் நின்றதாக அப்பகுதி மக்கள் நினைவுகூர்ந்து வந்துள்ளனர்.

ஹால்டர்னில் குண்டு வெடிக்கவில்லை. அது வீசப்படவே இல்லையாதலால் அதன் வெடிப்புப் பொறி செயல்படத் தொடங்கவில்லை. எரிந்த சிதைவுகளுக்கு அருகே அந்தப் பெரும் உருளை ஏறத்தாழ முழுமையாகக் கிடந்தது. பொழுது விடிந்ததும் வந்து பார்த்தவர்கள் அதை முதலில் விமானத்தின் எரிபொருள் கலம் என்றே கருதினர். பின்னர் வந்த ஜெர்மன் வெடிகுண்டு வல்லுநர்கள் அதைச் செயலிழக்கச் செய்து, பிரித்து, அளந்து, சில நாட்களிலேயே வரைபடமாக்கினர்.

இதன் விளைவு வியப்பானது. சுழலும் குண்டின் மறைபொருள் பகைவர் கைக்கு முதலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் பிரிட்டன் தன் சொந்த மக்களிடமிருந்து அதை 1960களின் தொடக்கம்வரை மறைத்தே வைத்திருந்தது. இத்தாக்குதலைப் பற்றி 1955இல் வெளியாகிப் பெரும்புகழ் பெற்ற 'தி டாம் பஸ்டர்ஸ்' திரைப்படத்தில் குண்டின் வடிவமும் செயல்முறையும் சரியாகக் காட்டப்படாமைக்கு இதுவே காரணம். பிரிட்டிஷ் திரையரங்குகளில் மக்கள் அப்படத்தைக் கொண்டாடிப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், உண்மையான குண்டு எப்படி இருந்தது என்பதை அவர்களைவிட ஜெர்மன் பொறியாளர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

*

நினைவுச்சின்னத்தில் உள்ள ஏழு பெயர்களும் யாருடையவை? விமானி ராபர்ட் பார்லோ மெல்பர்னைச் சேர்ந்தவர், வயது 32. பொறியாளர் சாமுவேல் வில்லிஸ். வழிகணிப்பாளர் ஃபிலிப் பர்ஜஸ், இருபது வயதினர். கம்பியில்லாத் தந்தியாளர் சார்லஸ் வில்லியம்ஸ், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்தவர். குண்டு வீசுபவர் ஆலன் கில்லெஸ்பி. முன்புறத் துப்பாக்கியாளர் ஹார்வி கிளின்ஸ், கனடாவின் வின்னிபெக்கிலிருந்து வந்தவர். பின்புறத் துப்பாக்கியாளர் ஜாக் லிடல், வயது 18. அன்றிரவு பறந்த 133 பேரில் மிக இளையவர் அவர்.

வில்லியம்ஸ் இங்கிலாந்தில் ஒரு பெண்ணை மணக்கவிருந்தார். அவர் எழுதிய கடிதங்கள் இன்று குயின்ஸ்லாந்து மாநில நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. போர் வரலாற்று நூல்கள் 'ஏஜே-ஈ, இழப்பு' என்று ஒரே வரியில் கடந்துசெல்லும் நிகழ்வுக்குப் பின்னால், திருமணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் இருந்தார் என்பதை அக்கடிதங்கள் வழியாகவே உலகம் அறிகிறது.

எழுவரும் முதலில் டுஸ்ஸல்டார்ஃபில் அடக்கம் செய்யப்பட்டனர். போருக்குப் பின் அவர்களது உடல்கள் கிளேவ நகருக்கு அருகிலுள்ள ரைஷ்வால்ட் வனப் போர்க் கல்லறைக்கு மாற்றப்பட்டன. 7,500க்கும் மேற்பட்ட கல்லறைகள் கொண்ட அவ்விடத்தில் பெரும்பகுதியினர் வான்படையினர். எல்லாக் கற்களும் ஒரே அளவு. பதவி உயர்ந்தவருக்குப் பெரிய கல்லும் சிறியவருக்குச் சிறிய கல்லும் கிடையாது. 1917இல் தோன்றிய போர்க் கல்லறை ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை அது: இறந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பெயர் பொறிக்கப்பட வேண்டும், பதவியாலோ செல்வத்தாலோ வேறுபாடு கூடாது.

அவ்வாறிருக்க, கல்லறை ஒன்றிருக்கும்போது, சாலையோரத்தில் தனியே ஒரு நினைவுச்சின்னம் எதற்கு? கல்லறை உடல் கிடக்கும் இடம். சாலையோரச் சின்னம் உயிர் பிரிந்த இடம். முன்னது அரசும் ஆணையமும் பராமரிப்பது. பின்னது அவ்வழியே அன்றாடம் நடப்பவர்களும் உழுபவர்களும் தம் நிலத்தில் இடம் கொடுத்து ஏற்றுக்கொண்டது. விழுந்த இடத்திலேயே கல் நடும் வழக்கத்தை நடுகல் மரபின் வழியாக அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்வேறுபாடு புரியாததன்று. ஆனால் நடுகல் தம்மூர் வீரனுக்கு, தம்மவர் நட்டது. ஹால்டர்னில் நிற்பது எதிர்த்து வந்தவனுக்கு நட்டது. இங்கேதான் சொற்களைச் சற்று உற்றுநோக்க வேண்டியுள்ளது.

*

1943இல் ஜெர்மன் செய்தித்தாள்களிலும் வானொலியிலும் இத்தகைய விமானக் குழுவினரைக் குறிக்கப் பரப்பப்பட்ட சொல் 'டெரர்ஃபிளீகர்'. 'பயங்கரப் பறப்பாளர்' என்று பொருள். அச்சொல்லில் நாடில்லை, வயதில்லை, ஊரில்லை, பெயரில்லை. பெயரை நீக்கிய சொல் செயலுக்கு வழி திறந்தது. விமானத்திலிருந்து குதித்துத் தப்பிய வான்படையினர் பலர் ஜெர்மன் கிராமங்களிலும் நகரங்களிலும் கும்பல்களாலும் கட்சிக்காரர்களாலும் அடித்துக் கொல்லப்பட்டனர். 1944 மே மாத இறுதியில், அவ்வாறு கொலை செய்யும் பொதுமக்கள்மீது நடவடிக்கை வேண்டாம் என்ற பொருளில் நாஜிக் கட்சியின் தலைமைச் செயலர் மார்ட்டின் போர்மன் சுற்றறிக்கை அனுப்பினார்.

இந்தப் பின்புலத்தில் பார்த்தால், ஏழு பெயர்களை எழுத்து விடாமல் பொறித்து வைப்பது சிறிய செயலன்று. 'டெரர்ஃபிளீகர்' என்ற சொல் அழித்ததை அது ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதுகிறது.

நினைவுச்சின்னத்தைக் குறிக்க ஜெர்மன் மொழியில் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. 'டெங்க்மால்' என்பது பொதுச்சொல், நினைப்பதற்கான குறி. 'ஏரன்மால்' என்பது பெருமைப்படுத்துவதற்கான குறி. முதல் உலகப் போருக்குப் பின் ஊர்தோறும் எழுந்த வீரர் நினைவிடங்களுக்கு இச்சொல்லே பெருவழக்கு. இரண்டாம் போருக்குப் பின் 'மான்மால்' என்ற சொல் முன்னுக்கு வந்தது. எச்சரிக்கும் குறி, மீண்டும் நிகழாதிருக்க நினைவூட்டும் குறி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தன் நாடு செய்த கொடுமைகளையும் நினைக்க வேண்டிய கட்டாயத்திலிருந்த சமூகத்துக்குப் பெருமைச் சொல் போதவில்லை.

இன்னொரு சொல் இதைவிட நுட்பமானது. 'ஓப்ஃபர்' என்னும் ஜெர்மன் சொல்லுக்கு இரு பொருள்கள்: தானே முன்வந்து கொடுத்த தியாகம், விரும்பாமலே பறிக்கப்பட்ட உயிர். ஆங்கிலம் இவற்றுக்கு இரு தனிச்சொற்களை வைத்திருக்கிறது. ஜெர்மனில் ஒரே சொல். தமிழில் 'பலி' என்ற சொல்லும் அப்படித்தான். தெய்வத்துக்குக் கொடுப்பதும் பலி, பேருந்து கவிழ்ந்து இறப்போரைச் செய்தித்தாள் குறிப்பதும் பலி. போருக்குப் பிந்திய ஜெர்மனியில் 'போரின் ஓப்ஃபர்களுக்கு' என்ற பொதுத்தொடர் எண்ணற்ற கற்களில் ஏறியது. வீரனும், குண்டில் இறந்த குழந்தையும், முகாமில் கொல்லப்பட்டவரும், சில வேளைகளில் கொன்றவரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டனர். அதனாலேயே அறிஞர் பலர் அத்தொடரைக் கடுமையாகக் கண்டித்தனர். எல்லாரையும் தழுவும் சொல் யார் யாருக்கு என்ன செய்தார் என்பதை மறைத்துவிடும்.

இதனோடு ஒப்பிட வேண்டிய நிகழ்வு ஒன்று லண்டனில் நடந்தது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையின் தலைவர் ஆர்தர் ஹாரிஸுக்கு 1992 மே 31 அன்று அங்கே சிலை திறக்கப்பட்டது. 1942 மே 30 இரவு கொலோன் நகர்மீது ஆயிரம் விமானத் தாக்குதல் தொடங்கிய நிகழ்வின் ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டிய நாள் அது. கொலோன், டிரெஸ்டன் முதலிய நகரங்களிலிருந்து கண்டனம் எழுந்தது. நகரங்களை எரிக்கும் கொள்கையை வகுத்து நடத்தியவருக்குச் சிலை வைப்பது அக்கொள்கையைப் போற்றுவதாகும் என்பதே அக்கண்டனத்தின் சாரம்.

குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தனர். அவர்களுக்கான பெரிய நினைவகம் லண்டன் கிரீன் பார்க்கில் 2012இல்தான் திறக்கப்பட்டது. குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் அது நினைவுகூர்வதாக ஒரு வாசகம் அங்கே சேர்க்கப்பட்டுள்ளது. இருபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த கண்டனத்தை நினைத்தால், அவ்வாசகத்தின் தேவை விளங்கும்.

ஹாரிஸ் சிலையை ஏற்க மறுத்த அதே ஜெர்மனியில், ஹால்டர்ன் சின்னத்தை ஜெர்மானியர்களே நிறுவினர். இதில் முரண் இல்லை. சிலை ஒரு கொள்கைக்கு வடிவம் கொடுத்தது. சாலையோரச் சின்னம் தாக்குதல் சரியா தவறா என்று எதையும் நிறுவ முயலவில்லை. இன்னார் இங்கே இறந்தனர் என்பதே அதன் செய்தி. பகைமை கொண்டிருந்த இரு தரப்பும் ஒருசேர ஒப்புக்கொள்ளக்கூடிய உண்மை அது ஒன்றுதான். குறைவாகப் பேசுவதாலேயே அது அங்கே நிற்க முடிகிறது.

*

ஆனால் குறைவாகப் பேசும் கல்லைச் சுற்றி ஒரு பெரும் மௌனமும் உண்டு. அதன் எல்லையைக் காண ஹால்டர்னிலிருந்து தென்கிழக்கே மோனே ஆற்றின் பள்ளத்தாக்குக்குச் செல்ல வேண்டும்.

ஹால்டர்னில் எழுவர் இறந்து ஒரு மணி நேரத்துக்குப் பின், மோனே அணை உடைந்தது. நீர் பெரும் சுவராக எழுந்து பள்ளத்தாக்கில் பாய்ந்தது. அணைக்குச் சற்றுக் கீழேயிருந்த ஹிம்மெல்ஃபோர்ட்டனின் பழைய மடாலயத் தேவாலயம் அடித்துச் செல்லப்பட்டது. ஊராரை எச்சரிக்க ஆலய மணியை அடித்துக்கொண்டிருந்த பாதிரியாரும் வெள்ளத்தில் இறந்தார். அதற்கும் கீழே நெஹைம் நகரின் ஆற்றங்கரைப் புல்வெளியில் மர முகாம்கள் இருந்தன. முள்வேலியிட்ட அம்முகாம்களில் அடைத்து வைக்கப்பட்டிருந்தோர் பெரும்பாலும் பெண்கள். உக்ரைன் உள்ளிட்ட சோவியத் பகுதிகளிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டு, ஜெர்மன் தொழிற்சாலைகளில் கட்டாய வேலை வாங்கப்பட்டவர்கள். இரவில் முகாம் பூட்டப்பட்டிருந்தது. வெள்ளம் முகாமை அப்படியே வாரிச் சென்றது.

அன்றிரவு வெள்ளத்தில் இறந்தோர் தொகை பற்றிய மதிப்பீடுகள் 1,300 முதல் 1,600 வரை வேறுபடுகின்றன. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், சில கணக்குகளின்படி ஆயிரம் பேர், அயல்நாட்டுக் கட்டாயத் தொழிலாளரும் போர்க்கைதிகளும். அதாவது, நாஜி அரசை வீழ்த்தும் பொருட்டு நடந்த தாக்குதலில் மிகுதியாக இறந்தவர்கள் அந்த அரசால் அடிமையாக்கப்பட்டவர்களே. உடைந்த மோனே அணை அதே ஆண்டின் இலையுதிர் காலத்துக்குள் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. அப்பணியிலும் கட்டாயத் தொழிலாளர்களே பெருமளவில் ஈடுபடுத்தப்பட்டனர்.

அப்பெண்களுக்கும் ஒரு சொல் சூட்டப்பட்டிருந்தது: 'ஓஸ்டார்பைட்டர்', கிழக்குத் தொழிலாளர். 'ஓஸ்ட்', அதாவது கிழக்கு, என்று எழுதிய துணிப்பட்டையை அவர்கள் ஆடையில் தைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு திசையின் பெயரே அவர்களுக்கு அடையாளமாக்கப்பட்டது. வான்படையினரிடமிருந்து ஒரு சொல் பெயரைப் பறித்ததைப் போலவே, இச்சொல்லும் பறித்தது. ஆனால் பின்னர் நடந்தது வேறு. வான்படை வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு படையெண், ஒரு பதிவேடு, தேடி வரும் ஒரு நாடு, ஒரு கல்லறை ஆணையம் இருந்தன. எனவே பெயர் மீண்டது. நெஹைம் முகாமில் இறந்தோருக்கு அவ்வாறு தேடி வர யாருமில்லை. வேற்று நாட்டில் கட்டாய வேலை செய்தவர்களைச் சோவியத் அரசே ஐயத்துடன் நோக்கியது. பல ஆண்டுகள் அவர்கள் எண்ணிக்கையாகவே எழுதப்பட்டு வந்தனர்.

பெயர் பொறிக்கும் நீதி எல்லாருக்கும் ஒரேபோல் வழங்கப்படவில்லை என்பதற்கு ஜெர்மனிவரை செல்ல வேண்டியதுமில்லை. ரைஷ்வால்டில் சமத்துவத்தைக் கல்லில் நிறுத்திய அதே ஆணையம், முதல் உலகப் போரில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் விஷயத்தில் அக்கொள்கையைக் கடைப்பிடிக்கவில்லை. ஈராக்கின் பஸ்ரா நினைவகத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் ஒவ்வொரு படைப்பிரிவிலும் இத்தனை பேர் என்று எண்ணாகச் சேர்க்கப்பட்டனர். ஆணையம் அமைத்த சிறப்புக் குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து உள்ளிட்ட பகுதிகளைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், மேலும் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அவ்வறிக்கை கூறியது. ஆணையம் மன்னிப்புக் கோரியது.

ஆகவே, பெயர் பொறிக்கப்படுவதும் எண்ணாக்கப்படுவதும் இறந்தவரின் செயலைப் பொறுத்து அமைவதில்லை. அவருக்குப் பின்னால் எத்தகைய அரசும் எத்தகைய பதிவேடும் நின்றன என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைந்துள்ளது.

*

அணைகளைத் தாக்குவது குறித்துச் சட்டமும் பின்னர் மாறியது. 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறையின் 56ஆம் பிரிவு, குடிமக்களுக்குப் பெரும் உயிரிழப்பை உண்டாக்கக்கூடிய நிலையில் அணைகளைத் தாக்குவதைத் தடை செய்கிறது. 1943இல் அத்தகைய விதி எழுதப்பட்டிருக்கவில்லை. இன்றைய சட்டத்தை அன்றைய மனிதர்மீது ஏற்றித் தீர்ப்பெழுதுவது எளிது, அது வரலாறாகாது. அதேபோல், வீரத்தைப் போற்றும் திரைப்படத்தின் இசையோடு கதையை முடித்துக்கொள்வதும் வரலாறாகாது. பதினெட்டு வயதுத் துப்பாக்கியாளரின் மரணமும் பூட்டிய முகாமில் மூழ்கிய பெண்களின் மரணமும் ஒரே இரவில் நிகழ்ந்தவை. ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை. இரண்டும் சமம் என்று சொல்ல வேண்டியதுமில்லை. இரண்டையும் முழுமையாகச் சொல்வதே கடமை.

அவ்வகையில் ஹால்டர்ன் சின்னத்தைக் குறைகூற இடமில்லை. அது தன் எல்லைக்குள் நேர்மையானது. அங்கே வீழ்ந்த எழுவர் அன்றிரவு ஒரு குண்டையும் வீசவில்லை, எந்த அணையையும் காணவில்லை. அவர்கள் பெயரை எழுதியவர்கள் வேறு எவருடைய பெயரையும் அழித்து அந்த இடத்தைப் பெறவில்லை. தளபதி கிப்சனும் 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஸ்டேன்பெர்கனில் விமானம் விழுந்து இறந்தார். அவரும் உடன் பறந்த வழிகணிப்பாளர் வார்விக்கும் அவ்வூர்க் கல்லறையிலேயே உள்ளனர். இருவர் பெயரிலும் அங்கே தெருக்கள் இருக்கின்றன. ஐரோப்பாவின் சாலைகளில் வான்படையினரின் பெயர்கள் இவ்வாறு பரவலாக வேரூன்றிவிட்டன. இனித் தேட வேண்டியவை மற்றைய பெயர்கள்.

தேடுவதற்கு இடமும் உண்டு. நாஜிகளால் சிறைப்பட்டோர், கட்டாய வேலை வாங்கப்பட்டோர், இடம்பெயர்க்கப்பட்டோர் பற்றிய உலகின் மிகப் பெரிய ஆவணக் காப்பகம் ஜெர்மனியின் பாட் அரோல்சன் என்னும் சிறு நகரில் உள்ளது. சுமார் 1.75 கோடி மனிதர்களைப் பற்றிய மூன்று கோடி ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. 2007இல்தான் அக்காப்பகம் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. வேலை அட்டைகளிலும் முகாம் பட்டியல்களிலும் மங்கிய எழுத்தில் கிடக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துத் தரவுத்தளத்தில் ஏற்றும் பணியில், 2020 முதல் உலகெங்கிலுமிருந்து தன்னார்வலர்கள் இணையம் வழியாக ஈடுபட்டு வருகின்றனர்.

பாட் அரோல்சன் அமைந்திருப்பது வால்டெக்-ஃபிராங்கன்பெர்க் மாவட்டத்தில். ஏடர் அணையும் அதே மாவட்டத்தில்தான் உள்ளது. 1943 மே 17 அதிகாலையில், 617ஆம் படையணியின் குண்டால் உடைந்த இரண்டாவது அணை அது. அன்று உடைந்த அணை மீண்டும் கட்டப்பட்டு நீர் நிறைந்து நிற்கிறது. அதிலிருந்து சிறிது தொலைவில், யாரென்றே தெரியாமல் போனவர்களின் பெயர்கள் ஓர் அட்டையிலிருந்து மற்றோர் அட்டைக்கு இன்னும் படிக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன.